ஒரே பேடாவா, ஒட்டிக்கொண்ட இரண்டா? ஹாட்ரான் மூலக்கூறுகள்: ஓர் எளிய அறிமுகம்

போன மாதம் ஆற்காட்டிலிருந்து வந்த உறவினர் ஒரு டப்பா மக்கன் பேடா கொண்டுவந்தார். எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காட்பாடி வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பாகு இளகி, பேடாக்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. என் அக்கா மகள் மூடியைத் திறந்து, ஓரத்தில் கிடந்த பெரிய உருண்டை ஒன்றைக் காட்டிக் கேட்டாள்: "இன்னா மாமா, இது ஒரே பேடாவா, ரெண்டு ஒட்டிக்கினு கீதா?"

அவள் வேலூரில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுப்பவன். அவள் இனிப்பைப் பற்றித்தான் கேட்டாள். ஆனால் துகள் இயற்பியலில் 2003 முதல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய விவாதத்தின் கேள்வியும் இதேதான். நான்கு குவார்க், ஐந்து குவார்க் கொண்ட புதுத் துகள்கள் வரிசையாகக் கண்டுபிடிக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் ஒரே உருண்டையா, இல்லை இரண்டு முழுத் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றனவா? அன்று சாயங்காலம் அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அடிப்படையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். அணுவுக்குள் கரு, கருவுக்குள் புரோட்டானும் நியூட்ரானும், அவற்றுக்குள் குவார்க்குகள். 1964-இல் மர்ரே கெல்-மான், ஜார்ஜ் ஸ்வைக் இருவரும் தனித்தனியே இந்தக் கருத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மூன்று குவார்க் சேர்ந்தால் பேரியான். புரோட்டானும் நியூட்ரானும் இந்த வகை. ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் (அதே எடை, எதிர் மின்னூட்டம் கொண்ட எதிர்த்துகள்) சேர்ந்தால் மேசான். இரண்டுக்கும் பொதுப்பெயர் ஹாட்ரான். பேடாவுக்குள் முந்திரி, பாதாம் துண்டுகளை வைத்துப் பொரிப்பார்கள் அல்லவா? அந்தப் பருப்பைக் குவார்க் என்றும், பேடாவை ஹாட்ரான் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பருப்பு வைத்தது பேரியான், இரண்டு வைத்தது மேசான்.

ஒரு வித்தியாசம் உண்டு. பேடாவைப் பிட்டால் பருப்பைத் தனியாக எடுத்துவிடலாம். குவார்க்கை அப்படி எடுக்க முடியாது. இழுக்க இழுக்க, இழுப்பதற்குச் செலவான ஆற்றலே புதிய குவார்க்-எதிர்க்குவார்க் இணையாக மாறிவிடும். கடைசியில் கையில் வருவது இன்னொரு ஹாட்ரான்தான். குவார்க்குகளுக்கு 'வண்ணம்' என்று ஒரு குணம் இருக்கிறது. கண்ணால் பார்க்கும் நிறம் இல்லை, மின்னூட்டம் மாதிரி ஒன்று, மூன்று வகை. வெளியே தனியாக நடமாடும் எந்தத் துகளிலும் இந்த வண்ணங்கள் ஒன்றையொன்று சரிக்கட்டி, மொத்தத்தில் வண்ணமில்லாமல் இருக்க வேண்டும். இயற்கை வைத்திருக்கும் கறாரான விதி அது.

இந்த விதிக்கு இரண்டு, மூன்று மட்டும்தான் பொருந்தும் என்று இல்லை. இரண்டு குவார்க், இரண்டு எதிர்க்குவார்க் சேர்ந்தாலும் சரிக்கட்டலாம். நான்கு குவார்க், ஓர் எதிர்க்குவார்க் சேர்ந்தாலும் ஆகும். கெல்-மான் 1964-இல் எழுதிய அந்தச் சிறு கட்டுரையிலேயே இந்தச் சேர்க்கைகளைக் குறிப்பிட்டிருக்கிறார். நான்கு உள்ளவற்றை டெட்ராகுவார்க் என்கிறோம், ஐந்து உள்ளவற்றை பென்டாகுவார்க் என்கிறோம். விதி அனுமதித்தும், ஏறத்தாழ 40 ஆண்டுகள் யாருக்கும் ஐயமற இவை சிக்கவில்லை.

சரி, நான்கு குவார்க் ஓரிடத்தில் இருக்கின்றன என்றால் எப்படி இருக்கும்? ஒரு வழி, நான்கையும் ஒரே மாவில் வைத்து உருட்டிய பேடா. எந்தப் பருப்பு யாரோடு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இதைக் கச்சிதமான டெட்ராகுவார்க் என்பார்கள். இன்னொரு வழி, இரண்டு பருப்பு வைத்த முழுப் பேடா ஒன்று, அதேபோல இன்னொன்று, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொன்றும் தன் உருவம் கெடாமல் இருக்கும்; ஆனால் விலகிப் போகாது. அணுக்கள் தம் அடையாளத்தை ஓரளவு வைத்துக்கொண்டு மூலக்கூறாகச் சேர்வதைப் போல இருப்பதால் இதற்கு ஹாட்ரான் மூலக்கூறு என்று பெயர்.

"வண்ணமே இல்லாத துகள் ரெண்டு எதுக்கு மாமா ஒண்ணை ஒண்ணு இழுக்கணும்?" என்றாள். நல்ல கேள்வி. தண்ணீர் மூலக்கூறும் மின்னூட்டமில்லாததுதான். ஆனாலும் அவை ஒன்றையொன்று இழுப்பதால்தான் தண்ணீர் தண்ணீராக இருக்கிறது; இல்லாவிட்டால் எல்லாம் ஆவியாகப் போயிருக்கும். மொத்தத்தில் சரிக்கட்டியிருந்தாலும், கிட்டே போனால் உள்ளிருக்கும் விசை கொஞ்சம் வெளியே கசியும். ஹாட்ரான்களுக்கு நடுவே இந்தக் கசிவு பெரும்பாலும் பையான் என்ற இலேசான மேசானின் வழியாக நடக்கிறது. ஒன்று பையானை விட, மற்றது வாங்கிக்கொள்கிறது. ஜப்பானியர் ஹிடேகி யுகாவா 1935-இல் இப்படி ஒரு துகள் இருக்க வேண்டும் என்றார்; 1947-இல் அது கிடைத்தது. அதன் எடையை வைத்துப் பார்த்தால், இந்த விசையின் கை சுமார் 1.4 ஃபெர்மி தூரம் எட்டும். ஃபெர்மி என்பது ஒரு மில்லிமீட்டரை லட்சம் கோடிக் கூறு போட்டதில் ஒரு கூறு. புரோட்டானின் ஆரம் சுமார் 0.84 ஃபெர்மி.

டம்ளர் தண்ணீரில் இருக்கும் ஆறு குவார்க்

ஹாட்ரான் மூலக்கூறு என்றதும் எங்கோ ஐரோப்பாவில் சுரங்கத்துக்குள் நொடிக்கும் குறைந்த நேரம் தோன்றி மறையும் ஏதோ ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். பாலாற்று மணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுத்துக் குடித்த தலைமுறை எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. அந்தத் தண்ணீரிலும் அது இருந்தது, மேசைமேல் இருந்த டம்ளரிலும் இருந்தது. தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்களில் ஏறத்தாழ 6400-க்கு ஒன்று கன ஹைட்ரஜன். அதன் கருவில் ஒரு புரோட்டானோடு ஒரு நியூட்ரானும் இருக்கும். அந்தக் கருவுக்கு டியூட்டிரான் என்று பெயர். ஹெரால்டு யூரி இந்தக் கன ஹைட்ரஜனைக் கண்டுபிடித்து 1934-இல் நோபல் பரிசு பெற்றார்.

புரோட்டானில் மூன்று, நியூட்ரானில் மூன்று, ஆக டியூட்டிரானில் ஆறு குவார்க். அதை ஏன் ஆறு குவார்க் துகள் என்று யாரும் சொல்வதில்லை? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது.

எடையைப் பார்ப்போம். துகள் எடையை மெகா எலக்ட்ரான்வோல்ட் என்ற அலகில் சொல்வார்கள், சுருக்கமாக எம்இவி. புரோட்டான் 938.27, நியூட்ரான் 939.57. கூட்டினால் 1877.84. டியூட்டிரானை நிறுத்தால் 1875.61. சுமார் 2.2 எம்இவி குறைகிறது. பேடாவில் இப்படி நடக்காது. இரண்டை ஒட்டவைத்து நிறுத்தாலும் பிரித்து நிறுத்தாலும் தராசு ஒரே எடையைத்தான் காட்டும். துகள்களில் ஒட்டும்போது ஆற்றல் வெளியேறும், அந்த ஆற்றலுக்குரிய எடை குறையும். குறைந்த அந்த அளவுதான் பிணைப்பாற்றல். திரும்பப் பிரிக்க வேண்டுமானால் அதைக் கொடுத்தாக வேண்டும். ஒரு கிலோவுக்கு 1.2 கிராம் குறைந்த மாதிரி, அவ்வளவே.

இதைப் புரோட்டானின் உட்புறத்தோடு ஒப்பிடுங்கள். புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகளைக் கொஞ்சம் உலுக்கி, அடுத்த நிலையான டெல்டாவுக்கு ஏற்ற வேண்டுமானால் சுமார் 294 எம்இவி வேண்டும். டியூட்டிரானின் கட்டோ 2.2 மட்டும். பிடித்திருக்கும் பிடி அவ்வளவு இலேசு. அதனால் அந்தப் பிடியால் உள்ளே உள்ளவற்றின் உருவத்தைக் கலைக்க முடியாது. புரோட்டான் புரோட்டானாகவே இருக்கிறது, நியூட்ரான் நியூட்ரானாகவே இருக்கிறது. மூலக்கூறு என்று சொல்வதற்கு இதுதான் தகுதி.

அடுத்து வருவதுதான் எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம். குவாண்டம் விதிப்படி, கட்டு எவ்வளவு தளர்வோ அவ்வளவுக்கு விரிவு அதிகம். பிணைப்பாற்றல் நாலில் ஒரு பங்கானால் இடைவெளி இரண்டு மடங்காகும். டியூட்டிரானுக்குக் கணக்குப் போட்டால் 4.3 ஃபெர்மி வருகிறது. விசையின் கை எட்டுவதோ 1.4 ஃபெர்மி. அதாவது, புரோட்டானும் நியூட்ரானும் பெரும்பாலான நேரம் ஒன்றின் கை மற்றதை எட்டாத தூரத்தில் இருக்கின்றன, ஆனாலும் பிரிவதில்லை. நான் அவளிடம் இரண்டு பேடாக்களை எடுத்துத் தட்டில் வைக்கச் சொன்னேன். பேடாவின் ஆரம் 2 சென்டிமீட்டர், அதுதான் புரோட்டான் என்றால், டியூட்டிரானில் இரண்டுக்கும் இடைவெளி 10 சென்டிமீட்டர். பாகில் ஒட்டிய பேடா என்ற உவமை இங்கே உதவாது. அவை ஒட்டிக்கொண்டு இல்லை; எட்ட நின்றும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கின்றன.

1965-இல் ஸ்டீவன் வைன்பர்க் இந்த விரிவை வைத்தே ஒரு சோதனை சொன்னார். உள்ளே எட்டிப் பார்க்க முடியாத ஒரு துகள் ஒரே உருண்டையா, இரண்டின் சேர்க்கையா என்று வெளியிலிருந்தே தீர்மானிக்க வழி உண்டா என்பது அவர் கேள்வி. உண்டு, கட்டு மிகத் தளர்வாக இருந்தால் உண்டு என்று காட்டினார். புரோட்டானை நியூட்ரானோடு மெதுவாக மோதவிட்டால் எந்த அளவு சிதறும் என்பதைச் சிதறல் நீளம் என்ற ஓர் எண் சொல்லும். டியூட்டிரான் முழுக்க முழுக்கச் சேர்க்கைதான் என்றால், இந்த எண் மேலே சொன்ன 4.3 ஃபெர்மிக்குப் பக்கத்தில், விசையின் கைநீளம் அளவுக்குள் கூடக் குறைய இருக்க வேண்டும். ஒரே உருண்டை என்றால் அது அதைவிட மிகச் சிறியதாகச் சுருங்கிவிட வேண்டும். அளந்து வைத்திருந்த எண் 5.4 ஃபெர்மி. டியூட்டிரான் ஒரு சேர்க்கை என்பது அதோடு தெளிவாயிற்று. குவார்க்குகளைக் கட்டிவைக்கும் வலுவிசையின் நுணுக்கம் எதுவும் தெரியாமலே இந்த முடிவுக்கு வரமுடிந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

3872

இனி விவாதத்தின் மையத்துக்கு வருவோம். ஜப்பானில் சுகுபா நகரில் கேஇகே என்ற ஆய்வகம் இருக்கிறது. அங்கே பெல் என்ற பரிசோதனைக் குழு, பாட்டம் என்ற கனமான வகைக் குவார்க் உள்ள பி மேசான்கள் சிதைவதைப் பதிவுசெய்து வந்தது. அதன் வாரிசான பெல் 2-இல் சென்னை ஐஐடியும் பங்கேற்கிறது. ஒரு துகள் சிதைந்து சிதறிய துண்டுகளின் ஆற்றலையும் திசையையும் அளந்து கூட்டினால், சிதைவதற்கு முன் அது என்ன எடையில் இருந்தது என்று தெரிந்துவிடும். ஆயிரக்கணக்கான சிதைவுகளுக்கு இப்படிக் கூட்டி வரைபடத்தில் குறித்துக்கொண்டே வருவார்கள். எங்காவது ஓரிடத்தில் மேடு எழுந்தால் அங்கே ஒரு துகள் இருக்கிறது என்று பொருள்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இந்த முறை புதிதாகத் தோன்றக் கூடாது. 1977-இல் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, ஜவ்வாது மலையில் காவலூர் தொலைநோக்கி அந்த விண்மீன் ஒளியில் விழுந்த சரிவைப் பதிந்தது. யுரேனஸைச் சுற்றி வளையம் இருப்பது அப்படித்தான் தெரிந்தது; அதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. வரைபடத்தில் விழுந்த பள்ளம்தான் அது இருப்பதைச் சொன்னது. இங்கே பள்ளத்துக்குப் பதில் மேடு.

2003-இல் பெல் குழுவுக்கு ஒரு மேடு 3872 எம்இவியில் கிடைத்தது. நாற்பதுக்கும் குறைவான நிகழ்வுகள்தான், ஆனால் கூர்மையான மேடு. என்ன துகள் என்று தெரியாததால் எக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அது சிதையும்போது ஜே-சை என்ற துகள் வெளியே வந்தது. ஜே-சை என்றால் சார்ம் என்ற கனமான வகைக் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த மேசான். 1974-இல் சாமுவேல் டிங், பர்ட்டன் ரிக்டர் ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தது. ஆக, எக்ஸ்-க்குள்ளும் ஒரு சார்ம் ஜோடி இருக்கிறது. ஆனால் சார்ம் ஜோடி மட்டுமே உள்ள துகள்களுக்குப் போட்டு வைத்திருந்த எடைப் பட்டியலில் இந்த எடை சரியாக உட்காரவில்லை.

அப்போது எல்லோர் கண்ணிலும் பட்டது வேறு ஒரு கூட்டல். டி என்றொரு மேசான் இருக்கிறது: ஒரு சார்ம் குவார்க், கூடவே ஓர் இலேசான எதிர்க்குவார்க். அதே சேர்க்கை, உள்ளே குவார்க்குகளின் சுழற்சி (ஸ்பின்) மட்டும் மாறியிருந்தால் டி-ஸ்டார். மின்னூட்டமில்லாத டி 1864.84, மின்னூட்டமில்லாத டி-ஸ்டார் 2006.85. கூட்டுங்கள்: 3871.69. எக்ஸ்-இன் எடையைப் பின்னால் துல்லியமாக அளந்தபோது வந்தது சுமார் 3871.65. டி ஒன்றும் டி-ஸ்டார் ஒன்றும் (ஒன்று துகள் என்றால் மற்றது எதிர்த்துகள்) தனித்தனியே இருப்பதற்கு வேண்டிய எடைக்கும், இந்தத் துகளின் எடைக்கும் வேறுபாடு 0.1 எம்இவி கூட இல்லை. ஒரு கிலோவுக்கு 26 மில்லிகிராமைவிடக் குறைவு.

இரண்டு துகளின் எடையைக் கூட்டி வரும் இந்த எல்லையை வாசற்படி என்று வைத்துக்கொள்ளலாம். எடை வாசற்படிக்கு மேலே இருந்தால் இரண்டும் பிரிந்து வெளியே போய்விடலாம். கீழே இருந்தால் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். எக்ஸ் சரியாக வாசற்படி மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரு காலை உள்ளே வைத்திருக்கிறதா, வெளியே வைத்திருக்கிறதா என்பதே அளவீட்டின் பிழை வரம்புக்குள் மறைந்துபோகிறது. நான்கு குவார்க்கை ஒரே உருண்டையாக உருட்டியிருந்தால், அதன் எடை இவ்வளவு துல்லியமாக இந்த இடத்தில் வந்து விழ வேண்டிய அவசியமே இல்லை. மூலக்கூறு என்றால் வாசற்படிக்குப் பக்கத்தில் இருப்பது இயல்பு.

பிணைப்பாற்றல் 0.1 என்றே வைத்துக் கணக்குப் போட்டால் விரிவு சுமார் 14 ஃபெர்மி. தட்டில் இருந்த பேடாக்களை அவள் ஸ்கேல் வைத்து 33 சென்டிமீட்டர் தள்ளி வைத்தாள். தட்டு போதவில்லை, ஒன்று மேசைக்கு வந்துவிட்டது. ஓர் அடிக்கு மேல் இடைவெளி விட்டு, இரண்டும் சேர்ந்து ஒரு துகள்!

இது நடந்த பிறகு கட்டிய கதையும் இல்லை. குவார்க் கருத்து வருவதற்கு முன்பே, 1959-இல் டாலிட்ஸ், டுவான் இருவரும் எதிர்க்-கேயான் என்ற மேசானும் புரோட்டானும் கட்டுண்டு ஒரு நிலை உருவாகலாம் என்று சொன்னார்கள். லாம்டா(1405) என்று நாம் இன்று சொல்லும் துகள் அது. 1976-இல் வோலோஷின், ஒக்குன் இருவரும் சார்ம் மேசான்கள் சேர்ந்து மூலக்கூறாகும் என்று எழுதினார்கள். ஹாட்ரான் என்ற பெயரை 1962-இல் வைத்தவரே இந்த லெவ் ஒக்குன்தான். 1990-களில் ஹெல்சிங்கியில் நில்ஸ் டோர்ன்க்விஸ்ட், டியூட்டிரானுக்குப் போடும் அதே பையான் பரிமாற்றக் கணக்கை டி, டி-ஸ்டார் ஜோடிக்குப் போட்டு, 3870-ஐ ஒட்டி ஒரு கட்டுண்ட நிலை இருக்கலாம் என்றார். சுமார் பத்து ஆண்டு கழித்து 3872.

கனமான குவார்க்கில் ஏன் இது எளிதாக நடக்கிறது? இலேசான பொருளை ஓரிடத்தில் பிடித்து வைத்தால் துள்ளும், கனமானது துள்ளாது. குவாண்டம் உலகில் இந்தத் துள்ளல்தான் கட்டை அவிழ்க்கப் பார்ப்பது. டி மேசானின் எடை புரோட்டானைப்போல் இரண்டு மடங்கு. அதே அளவு இழுவிசை இருந்தாலும் துள்ளல் பாதியாகிவிடுவதால் கட்டு நிற்கிறது. பாட்டம் குவார்க் இன்னும் கனம். அங்கேயும் பெல் குழு 10610, 10650 எம்இவியில் இரண்டு துகள்களை அறிவித்தது. இரண்டும் பி மேசான் ஜோடிகளின் வாசற்படிகளை ஒட்டியே இருக்கின்றன.

எக்ஸ் மூலக்கூறுதான் என்பதற்கு இன்னொரு துப்பும் உண்டு. இலேசான குவார்க் வகைகளான அப், டவுன் இரண்டும் வலுவிசையின் பார்வையில் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் ஒரு துகள் சிதையும்போது இரண்டையும் சமமாக நடத்தும் வழிகள் திறந்திருக்கும், பாகுபாடு காட்டும் வழிகள் பெரும்பாலும் அடைபட்டிருக்கும். எக்ஸ் இரண்டு வகை வழியிலும் ஏறத்தாழ ஒத்த அளவில் சிதைகிறது. மூலக்கூறு என்று எடுத்துக்கொண்டால் இதற்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. மின்னூட்டமில்லாத டி-க்குள் இருப்பது அப் வகை, மின்னூட்டமுள்ள டி-க்குள் இருப்பது டவுன் வகை. மின்னூட்டமுள்ள ஜோடியின் வாசற்படி 8 எம்இவி மேலே இருக்கிறது. நமக்கு 8 ஒரு பொருட்டில்லை, 0.1-இல் தொங்கிக்கொண்டிருக்கும் துகளுக்கு அது மலை. அதனால் எக்ஸ்-இன் விரிந்த பகுதி முழுக்க மின்னூட்டமில்லாத ஜோடியாகவே இருக்கிறது, சமநிலை கெடுகிறது.

அப்படியானால் வழக்கு முடிந்ததா என்றால், இல்லை. ஓர் அடி இடைவெளி விட்டு நிற்கும் இவ்வளவு தளர்வான பொருள், ஜெனீவாவின் பெரிய ஹாட்ரான் மோதுவியில் (எல்எச்சி) புரோட்டான்கள் மூர்க்கமாக மோதும் இடத்தில் எப்படி இத்தனை எண்ணிக்கையில் உருவாகிறது என்று எதிர்த்தரப்பு கேட்கிறது. புயலில் சிலந்தி வலை பின்ன முடியுமா என்பது மாதிரியான கேள்வி. நியாயமானதும்கூட. ஆழத்தில் சார்ம் ஜோடியாலான சிறிய உருண்டை ஒன்று, அதைச் சுற்றி விரிந்த மூலக்கூறு, இரண்டும் கலந்தது எக்ஸ் என்று பலர் இன்று கருதுகிறார்கள். குவாண்டம் இயற்பியலில் 'இதுவா, அதுவா' என்பதற்கு 'இவ்வளவு இது, இவ்வளவு அது' என்றும் விடை இருக்கலாம். அதில் மூலக்கூறின் பங்கு அதிகம் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

மேடு எழுந்ததெல்லாம் துகள் ஆகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே 2003-இல் தீட்டா-பிளஸ் என்று ஒரு பென்டாகுவார்க்கை அறிவித்தார்கள். பல ஆய்வகங்கள் தாங்களும் பார்த்ததாகச் சொன்னார்கள். பிறகு பல மடங்கு தரவு சேர்த்துப் பார்த்தபோது மேடு கரைந்துபோயிற்று.

கணக்குப் போடுகிறவர்கள் என்ன செய்கிறார்கள்

"இதுல தியரிக்காரங்க வேலை இன்னா?" என்று கேட்டாள். முதல் வேலை, இரண்டு ஹாட்ரான்களுக்கு நடுவே எந்தெந்த மேசான் போய்வரலாம் என்று பார்த்து விசையை எழுதுவது. உதாரணமாக, இரண்டு சாதா டி மேசான்களுக்கு நடுவே ஒற்றைப் பையான் போக முடியாது, சமச்சீர் விதி தடுக்கிறது. டி-யும் டி-ஸ்டாரும் என்றால் போகலாம். போகும்போது டி டி-ஸ்டார் ஆகும், டி-ஸ்டார் டி ஆகும். இரண்டும் வேடத்தை மாற்றிக்கொள்கின்றன. எழுதிய விசையைச் சமன்பாட்டில் போட்டு, கட்டு விழுகிறதா, எந்த எடையில் விழுகிறது என்று பார்ப்பார்கள்.

இன்னொரு வழி, கிட்டத்து நுணுக்கங்களை ஒன்றிரண்டு எண்களுக்குள் அடக்கிவிட்டு, தூரத்தில் நடப்பதை மட்டும் துல்லியமாகக் கணக்கிடுவது. வைன்பர்க் டியூட்டிரானுக்குச் செய்ததன் நீட்சி இது. மூன்றாவது வழி கடினமானது: வெளியையும் நேரத்தையும் கட்டம் போட்ட தாள்போல் பிரித்து, வலுவிசையின் அடிப்படைச் சமன்பாடுகளை அந்தக் கட்டங்களின்மேல் சூப்பர் கம்ப்யூட்டரில் தீர்ப்பது. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் இந்த வகை ஆய்வு நடக்கிறது. இரண்டாம் ஆண்டு மாணவிக்கு அது ரயிலில் போய்வரும் தூரம்தான் என்பதை அழுத்தியே சொன்னேன்.

தியரி முந்திக்கொண்ட இடங்களும் உண்டு. சார்ம் ஜோடி ஒளிந்திருக்கும் பேரியான்கள் 4000 எம்இவிக்கு மேல் இருக்கும் என்று ஊ, மோலினா, ஓசெட், ஸோ ஆகியோர் 2010-இல் கணித்தார்கள். 2015-இல் அதே ஜெனீவா மோதுவியில் வேலை செய்யும் எல்எச்சிபி குழு பென்டாகுவார்க்கை அறிவித்தது. 2021-இல் அதே குழு இரண்டு சார்ம் குவார்க்கும் இரண்டு இலேசான எதிர்க்குவார்க்கும் கொண்ட டிசிசி என்ற துகளை அறிவித்தது. அது டி, டி-ஸ்டார் வாசற்படிக்கு 0.36 எம்இவி மட்டுமே கீழே. கணக்குப்படி விரிவு 7.5 ஃபெர்மி, பேடாக் கணக்கில் 18 சென்டிமீட்டர். எக்ஸ்-க்குள் சார்மும் எதிர்ச்சார்மும் இருப்பதால் 'இது வெறும் சார்ம் ஜோடிதான்' என்று வாதிட இடம் உண்டு. டிசிசி-யில் இரண்டும் சார்ம் என்பதால் அந்த வாதமே எழாது. எல்லாமே மூலக்கூறு என்றும் நினைக்க வேண்டாம். 2020-இல் 6900 எம்இவியில் கிடைத்த துகளில் நான்கும் சார்ம் வகை. பரிமாறிக்கொள்ள இலேசான குவார்க் எதுவும் உள்ளே இல்லை. அது கச்சிதமான உருண்டையாக இருக்கலாம் என்று நினைப்பவர்கள் பலர்.

2019-இல் எல்எச்சிபி குழு கூடுதல் தரவோடு பென்டாகுவார்க்கைத் திரும்பப் பார்த்தபோது, 4450-இல் ஒன்று என்று நினைத்தது 4440, 4457 என்று இரண்டாகப் பிரிந்தது. 4312-இல் இன்னொன்று புதிதாக வந்தது. சிக்மா-சி என்ற பேரியானும் எதிர்-டி மேசானும் சேரும் வாசற்படி 4318. 4312 அதற்குச் சற்றுக் கீழே. சிக்மா-சி-யும் எதிர் டி-ஸ்டாரும் சேரும் வாசற்படி சுமார் 4460. மற்ற இரண்டும் அதற்குக் கீழே. இவை மூலக்கூறுகள் என்றால், கனமான குவார்க்கின் சுழற்சி விசையைப் பெரிதாக மாற்றாது என்ற விதியை வைத்து, மொத்தம் ஏழு துகள் கொண்ட ஒரு குடும்பம் இருக்க வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. ஏழில் மூன்று கிடைத்திருக்கின்றன. 4440, 4457 இரண்டில் ஒன்றின் சுழற்சி அரை, மற்றதன் சுழற்சி ஒன்றரை என்று இருக்க வேண்டும். எது அரை, எது ஒன்றரை என்பதில் கணக்குப் போடுகிறவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. 2019 அறிவிப்பில் சுழற்சி அளக்கப்படவில்லை. அளந்து, இரண்டில் ஒன்றுக்காவது அரையும் ஒன்றரையும் அல்லாத எண் வந்தால், இந்த மூன்றுக்கும் மூலக்கூறு என்ற விளக்கம் நிற்காது.

பேடா டப்பா மூடியின் உட்புறத்தில் அவள் பென்சிலால் ஏழு வட்டம் போட்டு, மூன்றில் மட்டும் எண் எழுதினாள். மூடியை அலம்பி எடுத்துப் போய், படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறாள்.